‘வறுமை – பொது’ என்று எழுதிய உறை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் பெய்த தொடர்மழையின் மூன்றாம் நாள், தங்கள் நாளிதழின் சென்னைப் பதிப்பில், முதல் பக்கத்தின் கீழ்ப்பாதியில் நான்கு பத்தி அகலத்துக்கு வெளியான ஒரு புகைப்படத்தைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன். வால்டாக்ஸ் சாலைப் பிளாட்பாரத்தில், நீலத் தார்ப்பாய்க்கு அடியில், மடியில் கைக்குழந்தையும் பக்கத்தில் ஏழெட்டு வயதுச் சிறுமியுமாக ஒரு பெண் குந்தியிருக்கிறார். தார்ப்பாயின் ஓரத்தில் நீர் சரம்சரமாக வழிகிறது. முன்னால் விளக்கெரிய ஒரு பேருந்து கடக்கிறது. ‘தங்க இடமின்றி, மழையில் நனைந்தபடி குழந்தைகளுடன் தவிக்கும் ஆதரவற்ற பெண்’ என்பது படக்குறிப்பு.

படம் நன்றாக அமைந்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1985 முதல் 2016 வரை சென்னையில் பத்திரிகைப் புகைப்படக்காரனாக இருந்தவன் நான். எதிர்ச்சாரியிலிருந்து, நீள லென்ஸில், விடிந்தும் விடியாத நேரத்தில், பேருந்து வந்து அந்த மஞ்சள் வெளிச்சம் ஈரத் தரையில் விழும் கணத்துக்காகக் காத்திருந்து எடுத்த படம் அது என்று என்னால் சொல்ல முடியும். எடுத்தவர் இளைஞராக இருக்க வேண்டும். அந்த மழையில் கேமராவை நனையாமல் பிடித்துக்கொண்டு நின்ற அவருடைய பொறுமைக்கு என் மரியாதை உண்டு. என் மனத்தாங்கல் அவரிடம் இல்லை. படத்துக்குக் கீழே இருந்த ஒன்றரை வரியிடமும், அந்தப் படம் இனிப் போய்ச் சேரப்போகும் இடத்திடமும்தான்.

மழை விட்ட மறுநாள் யானைக்கவுனிப் பக்கம் ஒரு வேலையாகப் போனவன், அந்த இடத்தைத் தேடிப் போனேன். கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. ரயில்வே சுவரில் வரிசையாக ஆணிகள் அடித்து, ஒன்றில் பள்ளிக்கூடப் பை, ஒன்றில் அடையாள அட்டை, ஒன்றில் துவைத்து மடித்த சீருடை, ஒன்றில் முகம் பார்க்கும் கண்ணாடி என்று மாட்டியிருந்தார்கள். சுவரோரம் ஆறு பிளாஸ்டிக் குடங்கள், பெரியதிலிருந்து சிறியதாக, ஒரே கோட்டில் அடுக்கியிருந்தன. ஈரம் இன்னும் காயாத நடைபாதையில் இரண்டடிக்கு இரண்டடி இடத்தைத் துடைத்து ஒரு சிறு கோலம் போட்டிருந்தது. அதைத் தாண்டி யாரும் செருப்போடு வருவதில்லை என்பதை நின்ற சிறிது நேரத்திலேயே கவனித்தேன். நானும் கழற்றிவிட்டுத்தான் பேசினேன்.

அந்தப் பெண் அங்கேயே பிறந்தவர். அவருடைய தாயாரும் அதே சுவரோரத்தில் பிறந்தவர்தான். விடியற்காலையில் பூ வாங்கிவந்து கட்டி, சௌகார்பேட்டை வீடுகளுக்கு வாடிக்கையாகக் கொடுக்கிறார். கணவர் மீன்பாடி வண்டி ஓட்டுகிறார். வாக்காளர் அட்டையும் ரேஷன் கார்டும் இருக்கின்றன. ‘ஆதரவற்ற’ என்ற சொல்லில் அடங்கக்கூடிய எதுவும் அந்தக் குடும்பத்தில் இல்லை. வீடு இல்லை, அவ்வளவுதான். அது சிறிய குறை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது வேறு குறை.

படத்தைப் பற்றிக் கேட்டேன். “எதிர்க்கடை சேட்டு காட்டினாரு ஐயா. ஆதரவு இல்லாதவன்னு போட்டிருக்காமே? என் வூட்டுக்காரரு அப்பதான் டீ வாங்கப் போயிருந்தாரு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நடந்ததைத் திருத்திச் சொல்லும் தொனிதான் இருந்தது. பிறகு மகளைக் காட்டி, “இதுகூட படிக்கிற பசங்க போன்ல பாத்துட்டு பிச்சக்காரின்னு கூப்டுதுங்களாம். ரெண்டு நாளா ஸ்கூலுக்குப் போவமாட்டேன்னு அழுவுது” என்றார். படம் எடுத்ததே தவறு என்று நினைக்கிறாரா என்று கேட்டபோது அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: “எடுக்கட்டும் ஐயா, மழையில நாங்க கஷ்டப்பட்டது நெஜம்தானே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா தலையாச்சும் வாரிக்கினு ஒக்காந்திருப்பேன்.”

தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்தப் படம் முதல் பக்கத்துக்கு வந்திருக்காது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். இந்தத் தொழிலின் சங்கடம் முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், மாலை ஐந்து மணிக்கு டெஸ்க்கிலிருந்து ‘மழைப் படம் ஒன்று வேண்டும்’ என்று தொலைபேசி வரும். தண்ணீர் தேங்கிய சுரங்கப்பாதை, குடைபிடித்துப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், அலை சீறும் மெரினா, பிளாட்பாரத்தில் நனையும் தாய்: இந்த நான்கில் ஒன்று எப்படியும் சிக்கும். நானும் முப்பது பருவமழைகளில் இந்த நான்கையும் மாற்றி மாற்றி எடுத்துக் கொடுத்தவன்தான். ஆகவே உபதேசம் செய்யும் தகுதி எனக்கு இல்லை. என் கையால் நடந்த ஒரு தவறைச் சொல்லத்தான் முடியும்.

1996-இல் கொத்தவால்சாவடி மொத்தச் சந்தை கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டு கத்திரி வெயிலில் ஒருநாள், பாரிமுனைப் பக்கச் சந்து ஒன்றில், கைவண்டியின்மேல் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு முதியவரைப் படம் எடுத்தேன். விலா எலும்புகளின்மேல் விழுந்த நிழல், தலைக்கு அணையாக மடித்து வைத்த சும்மாட்டுத் துணி, வண்டிச் சக்கரத்தின் வளைவு எல்லாம் கூடிவந்த படம். அவரை எழுப்ப மனம் வரவில்லை. தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்ற இரக்கம் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுப்பினால் படம் கலைந்துவிடும் என்ற கணக்கும் அதில் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. அலுவலகத்தில் பிரிண்டைக் கொடுத்தபோது ‘வெயில், பாரிமுனை’ என்று மட்டும் பின்புறம் எழுதியிருந்தேன். மறுநாள் ‘கத்திரி வெயிலில் கேட்பாரற்றுக் கிடக்கும் முதியவர்’ என்று வெளிவந்தது.

கதை அத்தோடு முடிந்திருந்தால் அவருக்கே தெரியாமல் போயிருக்கும். அந்தக் காலத்தில் படங்களைப் பழுப்பு உறைகளில் போட்டு, பொருள்வாரியாகப் பெயரெழுதி, இரும்பு அலமாரியில் அடுக்குவார்கள். இந்தப் படம் போய்ச் சேர்ந்த உறையின்மேல் ‘வறுமை – பொது’ என்று எழுதியிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, நகரில் பிச்சைக்காரர்கள் பெருகிவிட்டார்கள் என்ற ஒரு கட்டுரைக்கு, நான் வெளியூர் போயிருந்த நாளில், யாரோ அந்த உறையைத் திறந்து எடுத்துப் போட்டுவிட்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டு குடிப்பழக்கத்தைப் பற்றிய கட்டுரைக்கும் அதே படம். இரண்டிலும் கீழே ‘கோப்புப் படம்’ என்ற சொற்கள் இருந்தன. அவை யாரைக் காப்பாற்றுகின்றன என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஒருநாள் அந்தச் சந்து முனை டீக்கடையில் அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கேமராப் பையை அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். சாவடியில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் மூட்டை தூக்கியவர். சந்தை போன பிறகு, காலையில் இரண்டு நடை, மாலையில் இரண்டு நடை என்று வண்டி இழுத்துக்கொண்டிருந்தார். நடுப்பகலில் வேலை இருக்காது, ஆகவே தூங்குவார். குடித்தவர் இல்லை. யாரிடமும் கைநீட்டியவரும் இல்லை. வில்லிவாக்கத்தில் மகளைக் கட்டிக்கொடுத்திருந்த இடத்தில் யாரோ அந்தக் குடிப்பழக்கக் கட்டுரையைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். “தம்பி, நான் தூங்கிக்கினு இருந்தேன். அதுக்கு நீங்க இன்னான்னா பேரு வச்சிருக்கீங்க பாத்தியா?” என்று மட்டும் கேட்டார். எனக்குச் சேர்த்து அவரே டீக்குக் காசு கொடுத்தார். நான் தடுத்தும் கேட்கவில்லை.

அலுவலகத்துக்குப் போய் உறையின்மேல் சிவப்பு மையில் ‘தொழிலாளி, தூங்குகிறார், வேறு செய்திக்குப் பயன்படுத்த வேண்டாம்’ என்று எழுதினேன். பிற்காலத்தில் பழைய படங்களை எல்லாம் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றியபோது படங்கள் ஏறின, உறைகள் குப்பைக்குப் போயின.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், புகைப்பட அறம் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சு பெரும்பாலும் பட்டனை அழுத்தும் அந்தக் கணத்தைச் சுற்றியே நடக்கிறது. எடுக்கலாமா, கூடாதா, எடுப்பதற்கு முன் உதவியிருக்க வேண்டுமா என்பவை முக்கியமான கேள்விகளே. ஆனால் என் அனுபவத்தில், படத்தில் இருப்பவருக்கு நேரும் கேட்டில் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் நேர்கிறது: அவரைப் பார்த்தேயிராத ஒருவர் எழுதும் குறிப்பில், அதன்பின் அந்தப் படம் பெயரில்லாமல் கிடக்கும் அலமாரியில்.

இது புதிதும் அல்ல. 1876–78-இல், நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று அழைத்த அந்தக் கொடுமையின்போது, சென்னைப் படைப்பிரிவைச் சேர்ந்த வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ஆங்கிலேய அதிகாரி, எலும்பும் தோலுமாக இருந்தவர்களைக் குழுக்குழுவாக உட்காரவைத்தும் நிற்கவைத்தும் படம் எடுத்தார். பட்டினியில் இருந்தவர்களைக் கேமராவுக்காக வரிசைப்படுத்தினார், உதவவில்லை என்ற கண்டனம் அந்தக் காலத்திலேயே எழுந்தது. (இதே மனிதர் பின்னர் பர்மாவில் மரண தண்டனை நிறைவேற்றத்தைப் படம் எடுத்த விவகாரத்தில் சிக்கி விசாரணைக்கு உள்ளானார்.) அந்தப் படங்கள் இன்றும் பஞ்சத்தைப் பற்றிய நூல்களிலும் கட்டுரைகளிலும் வந்துகொண்டே இருக்கின்றன. அந்தப் பஞ்சத்தின் நிவாரண வேலையாகத்தான் நம் நகரத்துக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி வெட்டப்பட்டது. கால்வாய்க்கு ஒரு கவர்னர் பெயர் இருக்கிறது. படங்களில் இருக்கும் ஒருவருடைய பெயரும் நமக்குத் தெரியாது.

நல்ல நோக்கத்தோடு எடுத்த படத்திலும் இது நேரும். 1936-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், நிப்போமோ என்ற இடத்தில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் டோரதியா லாங் எடுத்த, குழந்தைகள் தோளில் சாய்ந்திருக்க முகவாயில் கைவைத்து அமர்ந்திருக்கும் தாயின் படத்தை இந்தத் தொழிலுக்கு வரும் எவரும் முதல் மாதத்திலேயே பார்த்துவிடுவார்கள். அவருடைய பெயரையோ கதையையோ தாம் கேட்கவில்லை என்று லாங் பிற்காலத்தில் தாமே எழுதினார். படம் வெளிவந்து அந்த முகாமுக்கு அரசு உணவு அனுப்பியபோது அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தது. காரின் டயர்களை விற்றுச் சாப்பிட்டார்கள் என்று லாங் எழுதிய குறிப்பையும் அந்தக் குடும்பத்தார் பின்னர் மறுத்தார்கள். ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அந்தப் பெண்ணின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது 1978-இல். அப்போது அவர், அந்தப் படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று வருந்தினார். 42 ஆண்டுகள் அவர் ஏதோ ஓர் உறையில் ‘வறுமை – பொது’வாக இருந்திருக்கிறார்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். பத்திரிகை தணிக்கைக்கு அஞ்சாமல் எழுதலாம் என்ற உரிமையை உறுதிசெய்த 1994-ஆம் ஆண்டு ராஜகோபால் வழக்கு நம் தமிழ் வார இதழ் ஒன்றினுடையது என்பதில் நமக்கெல்லாம் பெருமை உண்டு. அதே தீர்ப்பில்தான், ஒரு குடிமகனுக்குத் தன்னையும் தன் குடும்பத்தையும் பற்றிய அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிளாட்பாரம் பொது இடம், பொது இடத்தில் அந்தரங்கம் ஏது என்று நம்மவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். குளிப்பதும் சமைப்பதும் பிள்ளைக்குப் பால் கொடுப்பதும் தூங்குவதும் ஒருவருக்கு அங்கேதான் என்றால், அந்த இரண்டடிக் கோலத்துக்கு உள்ளே இருப்பதும் வீடுதான் என்பது என் கட்சி.

குழந்தைகள் விஷயம் இன்னும் கடுமையானது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், வீடோ நிலையான இருப்பிடமோ இன்றி, பிழைக்கும் வழியும் இன்றிக் காணப்படும் குழந்தையைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்கிறது. அத்தகைய குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதையும் படத்தைப் பிரசுரிப்பதையும் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. அந்தப் பிரிவு விசாரணை தொடர்பான செய்திகளைப் பற்றித்தான் பேசுகிறது என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. தங்கள் படக்குறிப்பை மட்டும் பாருங்கள். அந்தக் குடும்பம் உண்மையிலேயே ஆதரவற்றது என்றால், அந்தச் சிறுமியின் முகத்தை அப்படிப் போட்டிருக்கவே கூடாது. ஆதரவற்றது இல்லை என்றால், குறிப்பு பொய். இந்த இரண்டில் எதை ஏற்றாலும் தவறு தங்கள் பக்கம்தான் நிற்கிறது.

இதற்காக முகத்தை மங்கலாக்கிப் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. சங்கிலி பறித்தவரைப் போடுவதுபோல ஆகிவிடும் அது. குழந்தை திரும்பியிருக்கும்போது எடுக்கலாம். அந்த ஆறு குடங்களை எடுக்கலாம். ஆணியில் தொங்கும் சீருடையில் மழைநீர் சொட்டுவதைவிட மழையை அழுத்தமாகச் சொல்லும் படம் எனக்குத் தோன்றவில்லை.

இனிமேல் பிளாட்பார மக்களைப் படமே எடுக்க வேண்டாம் என்று இக்கடிதத்தை யாரும் படித்துவிடக் கூடாது என்றும் கவலைப்படுகிறேன். 2011 கணக்கெடுப்பில் வீடற்றவர்களை எண்ணுவதற்கென்று ஒதுக்கப்பட்டது பிப்ரவரி 28-ஆம் தேதியின் ஓர் இரவு. அந்த ஓர் இரவின் கணக்கிலேயே நாடு முழுவதும் 17.7 லட்சம் பேர். லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, சென்னை மாநகராட்சியும் காப்பகங்கள் நடத்துகிறது. ஆனால் பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று அமைந்த இடத்துக்கு, கணவனும் மனைவியும் பிள்ளைகளும் மாமியாரும் குடங்களுமாக இருக்கும் ஒரு குடும்பம் எப்படிப் போகும்? தொலைவில், நகரின் தெற்கே இருக்கும் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தால், சௌகார்பேட்டைக்குப் பூ கொடுக்க விடியற்காலையில் எப்படி வந்து சேரும்? பிளாட்பாரத்தில் இருப்பவர்கள் பிழைப்பு அருகில் இருப்பதால்தான் அங்கே இருக்கிறார்கள் என்பதை 1985-இல் பம்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் ஒருவர் ஓல்கா டெல்லிஸ் என்ற பத்திரிகையாளர். இந்த விவரம் ஒன்றுகூட ‘தவிக்கும் ஆதரவற்ற பெண்’ என்ற குறிப்பில் இல்லை. ‘மூன்று தலைமுறையாக இங்கே வசிக்கும் பூ வியாபாரி’ என்று ஆறு சொல் போட்டிருந்தால் அது வாசகருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், அதிகாரிகளுக்கும் உறைத்திருக்கும்.

கேட்டு எடுத்தால் படம் உயிரற்றுப் போகும் என்பது எங்கள் தொழிலில் பரம்பரையாகச் சொல்லப்படுவது. பாதி உண்மை. கேட்டவுடன் நிமிர்ந்து உட்கார்வார்கள், சிரிப்பார்கள், பிள்ளைக்குப் பவுடர் போடுவார்கள். அந்தப் படத்தையும் எடுத்துவிட்டு அங்கேயே நின்றால், கால்மணி நேரத்தில் நம்மை மறந்து வேலையைப் பார்ப்பார்கள். அவசரச் செய்தியில் அதற்கு நேரம் இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். அப்போது எடுத்துவிட்டு, சாலையைக் கடந்துபோய், கேமராத் திரையில் காட்டிச் சொல்லலாம். ஃபிலிம் காலத்தில் எங்களுக்கு இல்லாத வசதி அது. வேண்டாம் என்பவர் மிகக் குறைவு. வேண்டாம் என்றால் அது போகட்டும், அந்த நான்கு மழைப் படங்களில் வேறு மூன்று இருக்கின்றன. படத்துக்காகப் பணம் கொடுக்கலாமா என்று இளையவர்கள் கேட்பார்கள். 31 ஆண்டுகளில் அதற்கு என்னிடம் ஒரே விடை இருந்ததில்லை. ஆனால் பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுத்த இடங்களில் என்னை யாரும் இரண்டாம் முறை முறைத்ததில்லை.

இந்நகரில் அப்படி வேலை செய்பவர்கள் இல்லாமல் இல்லை. துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்க்கையை ஆண்டுக்கணக்கில் கூடவே இருந்து பதிவுசெய்து, 2022-இல் தயானிதா சிங் – பாரி (கிராமப்புற இந்தியாவைப் பற்றிய இணைய இதழ்) ஆவணப் புகைப்பட விருதைப் பெற்ற எம். பழனிகுமாரின் படங்களில், இருப்பவர் யார், என்ன பேசினார் என்பது படத்தோடு சேர்ந்தே வருகிறது. நாளிதழுக்கு அவ்வளவு அவகாசம் இல்லைதான். ஐந்து நிமிடம் உண்டு.

தங்களிடம் நான் கேட்பவை பெரியவை அல்ல. தங்கள் இணையப் பதிப்பில் அந்தப் படத்தின் குறிப்பைத் திருத்துங்கள். சிறுமியின் முகம் தெரியாதபடி படத்தை வெட்டிப் போடலாம், இடப்பக்கம் அதற்கு இடம் இருக்கிறது. தங்கள் படக் களஞ்சியத்தில் அது எந்தத் தலைப்பின்கீழ் ஏறியிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். ‘வறுமை’, ‘பிச்சை’, ‘ஆதரவற்றோர்’ என்று ஏதாவது இருந்தால் எடுத்துவிட்டு, இடமும் நாளும் தொழிலும் எழுதி, வேறு செய்திக்கு எடுக்கக் கூடாது என்று படத்தோடேயே, உறைபோலத் தனியே கழன்று போகாதபடி, பதியச் சொல்லுங்கள்.

இன்னொன்று, அந்தப் பெண் கேட்டுக்கொண்டது. நான் கிளம்பும்போது, அந்தப் படத்தில் ஒன்று கிடைக்குமா என்றார். குறிப்பு வேண்டாமாம், படம் மட்டும் போதுமாம். கைக்குழந்தை பிறந்து ஆறு மாதத்தில் அதை யாரும் படம் எடுக்கவில்லையாம். ஆறுக்கு எட்டு அளவில் ஒரு பிரிண்ட் போட்டு, எடுத்த இளைஞரிடமே கொடுத்தனுப்பினால் நல்லது. அவருக்கு இடம் தெரியும். காலை பத்து மணிக்குமேல் போகச் சொல்லுங்கள். அதற்கு முன் அவர் பூ கொடுக்கப் போயிருப்பார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பத்திரிகைப் புகைப்படக்காரர்,
புரசைவாக்கம், சென்னை.